மெதுவாக அடித்தால் நேராகப் போகுமா? கோல்ஃப் ஸ்விங்கின் வேகமும் தாளமும்

கேள்வி – டிசம்பர் 21, 2024

கோல்ஃபில் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை எடுத்தாலும், தூரம் அடிக்கிற டிரைவர் மட்டை எடுத்தாலும் எனக்குக் கிடைக்கிற புத்திமதி ஒன்றுதான்: "மெதுவா அடி, அவசரப்படாதே." மழைக்காலம் முழுக்க மெதுவாகத்தான் அடித்துப் பார்த்தேன். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது நிற்கவில்லை, தூரம் மட்டும் குறைந்துவிட்டது. மெதுவாக அடித்தால் நேராகப் போகும் என்பது உண்மையா, இல்லை வாய்ப்பழக்கத்தில் சொல்வதா?

டிசம்பர் 21, இரவு

பாதி உண்மை. அந்தப் பாதிதான் உங்களைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்விங்கில், அதாவது கிளப் என்கிற மட்டையின் வீச்சில், பார்க்க வேண்டிய கணக்கு இரண்டு. கிளப் பின்னால் கிளம்பியதிலிருந்து பந்தைத் தொடும் வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்பது ஒன்று. அந்த நேரத்தில் மேலே போவதற்கு எத்தனை பங்கு, கீழே வருவதற்கு எத்தனை பங்கு என்பது இன்னொன்று. "மெதுவா அடி" என்று சொல்கிறவர்கள் முதல் கணக்கை மட்டும் தொடுகிறார்கள். ஆட்டத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது.

ஜான் நோவசெல் என்ற அமெரிக்கர் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்து, 2004-இல் அந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்டார். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் சிலருக்கு மேலே போக 27, கீழே வர 9. சிலருக்கு 24, 8. வேகமான ஆட்களுக்கு 21, 7. வகுத்துப் பாருங்கள், எல்லாமே மூன்றுக்கு ஒன்று. ஆளுக்கு ஆள் மொத்த நேரம் மாறுகிறது, பங்கு மாறவில்லை. விநாடியில் சொன்னால் 27/9 என்பது மொத்தம் 1.2 விநாடி, 24/8 என்பது சுமார் 1.07, 21/7 என்பது 0.93. ஆற அமர அடிப்பதாக நமக்குத் தோன்றுகிற ஆட்கள்கூட மேலே போகும் பேக்ஸ்விங்கை ஒரு விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். டிவியில் பார்க்கும்போது இது தெரியாது. உடம்பு குலுங்காததால் மெதுவாக இருப்பது போல் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது பந்து வலப்பக்கம் வளையும் உங்கள் ஸ்லைஸுக்கு வருவோம். நீங்கள் வலது கையாட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். கிளப்பை வேண்டுமென்றே ஆமை வேகத்தில் இழுத்துக்கொண்டு மேலே போனால், உச்சியில் அது ஏறக்குறைய நின்றுவிடும். உடம்பில் ஏறியிருந்த இழுவிசை தளர்ந்துவிடும். அங்கிருந்து பந்தை அடிக்க வேகம் வேண்டுமே, அதைத் தருவதற்குத் தோளும் கையும்தான் பாய்ந்து வரும். இடுப்பு பின்தங்கிவிடும். தோள் முந்தினால் கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும், கிளப் முகம் திறந்து வலப்பக்கம் பார்த்தே இருக்கும், பந்து வலப்பக்கம் ஓடும். ஆக, மேலே மெதுவாகப் போகப் போக கீழே பதறுவீர்கள். நன்றாக ஆடுகிறவர்களிடம் கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலும் இடுப்பும் திரும்பத் தொடங்கிவிடும். அந்தச் சின்ன இழுபறிதான் வேகத்தின் ஊற்று. பேக்ஸ்விங்குக்கு ஓரளவு வேகம் இல்லாவிட்டால் அது உருவாகவே உருவாகாது.

முதலில் அளந்து பாருங்கள். மனக்கணக்கில் போகாதீர்கள்.

டிசம்பர் 22

எப்படி அளப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கும் ஃபோன் போதும். ஸ்லோ மோஷனில் 240 ஃபிரேம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். நெஞ்சுக்கு நேரே, இடுப்பு உயரத்தில் ஃபோன் நிற்கட்டும். கிளப் தலை பந்தை விட்டுப் பின்னால் நகரும் முதல் ஃபிரேம், உச்சியில் திசை திரும்பும் ஃபிரேம், பந்தைத் தொடும் ஃபிரேம், இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். 24/8 ஆட்டக்காரருக்கு இந்த வீடியோவில் 192, 64 வரும்.

ஃபிரேம் எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு: 240-இல் எடுத்து 30-இல் ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாக ஓடும். ஸ்டாப்வாட்ச் வைத்து அதையே அளந்துவிடலாம். 0.8 விநாடி பேக்ஸ்விங் அங்கே 6.4 விநாடியாக நீளும், கீழே வரும் டவுன்ஸ்விங் 2 விநாடியைக் கொஞ்சம் தாண்டும்.

டிசம்பர் 22, சற்றுப் பிறகு

இரண்டு எச்சரிக்கை. வெளிச்சம் குறைந்த இடத்தில் சில ஃபோன்கள் தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மாலை ஆறரை மணிக்கு பயிற்சித் திடலான ரேஞ்சின் கூரைக்குக் கீழே எடுத்துவிட்டுக் கணக்கு உதைக்கிறது என்று எழுதாதீர்கள். அப்புறம், கிளப்பை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுக் கிளம்புகிற பழக்கம் உள்ளவர்கள் அந்த ஆட்டத்தைச் சேர்த்து எண்ணக் கூடாது.

டிசம்பர் 28

கச்சேரி சீசன். நேற்று மாலை ஒரு தனியாவர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தபோது கை தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மிருதங்க வகுப்புக்குப் போன கை, விடாது. அப்போதுதான் இந்த மூன்றுக்கு ஒன்று நாலு அட்சரச் சதுஸ்ரத்தில் எப்படிச் சரியாக உட்காருகிறது என்று பளிச்சென்று புரிந்தது. காலையில் ரேஞ்சுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டே அடித்துப் பார்த்தேன். பிரமாதமாக வருகிறது.

தகதிமி த. இவ்வளவுதான். முதல் "த"வில் கிளப் கிளம்புகிறது. "க", "தி" இரண்டும் போகிற வழி. "மி"யில் உச்சி. அடுத்த ஆவர்த்தனத்தின் "த"வில் பந்து. வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். பக்கத்துத் தடுப்பில் அடிப்பவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், அப்புறம் அவரும் முணுமுணுப்பார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மனசு "மி"யில் நிற்பதில்லை. தாளம் தெரிந்த யாருக்கும் "தகதிமி" என்று சொல்லிவிட்டு அந்தரத்தில் நிற்க முடியாது, தாளம் தொடங்கும் சமத்தில் போய் விழுந்தே ஆக வேண்டும். உச்சியில் இருந்து பந்தை நோக்கிப் பாய்கிற அந்தப் பதற்றத்துக்கு இடமே கிடைப்பதில்லை. பந்தை அடிக்க வேண்டும் என்ற எண்ணம் போய், "த" விழ வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

டிசம்பர் 29

மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் "தகதிமி நாலு அட்சரம், அப்போ மூணு மேலே, ஒண்ணு கீழே. மியில்தானே பந்து?" என்று கேட்டிருக்கிறார். இல்லை சார். எழுத்தை எண்ணாமல் இடைவெளியை எண்ணுங்கள். த-விலிருந்து க, க-விலிருந்து தி, தி-யிலிருந்து மி: மூன்று இடைவெளி, பேக்ஸ்விங். மி-யிலிருந்து அடுத்த த: ஒரே இடைவெளி, டவுன்ஸ்விங். மியில் பந்தை அடித்தால் இரண்டுக்கு ஒன்றாகப் போய்விடும். டிரைவரில் அப்படி அடித்தால் தோள் திரும்பி முடிவதற்குள் கை கீழே வந்துவிடும்.

டிக் டிக் என்று தாளம் எண்ணும் மெட்ரோனோம் வைக்கிறவர்களுக்குக் கணக்கு: 27/9 வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 200 டிக், 24/8-க்கு 225. இது பரபரவென்று ஓடும், பயப்பட வேண்டாம். அல்லது 100-இல் வைத்து முதல் டிக்கில் கிளம்பி மூன்றாவது டிக்கில் பந்தைத் தொடுங்கள், அதே 27/9 கணக்குதான். ஆரம்பத்தில் எனக்கு 100-தான் எளிதாக இருந்தது. இப்போது 225-இல் ஒவ்வொரு அட்சரத்தையும் கேட்டால்தான் உச்சி எங்கே வருகிறது என்று தெளிவாகத் தெரிகிறது.

ஜனவரி 11, 2025

"எர்னி எல்ஸ் மாதிரி அடிக்க ஆசை, என்ன நம்பர் வைக்கலாம்?" என்று கோவை நண்பர் கேட்டிருக்கிறார். அந்தத் தென்னாப்பிரிக்க வீரரின் நிதானமான ஸ்விங் யாருக்குத்தான் பிடிக்காது. யு.எஸ். ஓப்பன் இரண்டு (1994, 1997), பிரிட்டிஷ் ஓப்பன் இரண்டு (2002, 2012), செல்லப்பெயரே "பிக் ஈஸி". ஆனால் அதே 1994-இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் வென்றவர் நிக் பிரைஸ். அவர் ஸ்விங்கைப் பார்த்திருக்கிறீர்களா? கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். டாம் வாட்சனும் அப்படித்தான், பட்டென்று அடிப்பார், ஐந்து பிரிட்டிஷ் ஓப்பன். பிரைஸை யாராவது பிடித்து வைத்து எல்ஸ் மாதிரி மெதுவாக அடிக்கச் சொல்லியிருந்தால் கோல்ஃபுக்குத்தான் நஷ்டம்.

மொத்த நேரம் அவரவர் சுபாவம். நடையைப் பாருங்கள், பேச்சைப் பாருங்கள். வேகமாக நடக்கிறவர், சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடிக்கிறவர், 24/8 அல்லது 21/7-இல் ஆரம்பிக்கலாம். நிதானமான ஆள் 27/9. ஒவ்வொன்றிலும் ஒரு கூடை பந்து அடித்துவிட்டு, பந்து போன இடத்தைப் பார்க்காமல், கிளப் முகத்தில் பந்து பட்ட இடத்தைப் பாருங்கள். முகத்தில் பவுடரோ சாக்பீஸோ லேசாகத் தடவினால் தடம் தெரியும். எந்த வேகத்தில் தடங்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவோ அதுவே உங்கள் வேகம். பந்து போகும் திசைக்குப் பத்துக் காரணம் இருக்கலாம். தடம் சிதறினால், பெரும்பாலும் தாளம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 11, இரவு

ஜப்பானிய வீரர் மட்சுயாமா உச்சியில் நிற்கிறாரே, அவர் 2021-இல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயிக்கவில்லையா என்று எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. ஜெயித்தார். அவர் நிற்பதும் உண்மை. ஆனால் ஸ்லோ மோஷனில் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். கை நிற்கும்போது கீழ்ப்பாதி சும்மா இல்லை. நம்மில் பலர் அவரைப் பார்த்து நின்றால் தலை முதல் கால் வரை எல்லாம் சேர்ந்து நின்றுவிடுகிறது, பிறகு எல்லாம் சேர்ந்து பாய்கிறது. கொரிய வீராங்கனை இன்பீ பார்க்கும் இப்படி ஒரு விதிவிலக்கு. மேலே போவது அவ்வளவு நிதானம், ஆனால் ஏழு மேஜர் பட்டம், 2016 ரியோவில் தங்கம். இவர்களை வைத்து மூன்றுக்கு ஒன்று பொய் என்று சொல்ல முடியாது, மூன்றுக்கு ஒன்றுதான் வேதம் என்றும் சொல்ல முடியாது. என் கருத்து: ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு முறை ஆடுகிற நமக்கு அதைப் பிடிக்க மூன்றுக்கு ஒன்று நல்ல கைப்பிடி.

தாளம் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லியின் பழைய ஸ்விங் வீடியோவைப் பாருங்கள். கீழே வரும் வழியில் பாதியில் நின்று, மறுபடி குத்துவார். அவ்வளவு பெரிய விளையாட்டு வீரர், உடம்பில் எந்தக் குறையும் இல்லை. பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஜனவரி 19

ரேஞ்சில் வருவது களத்தில் ஏன் வருவதில்லை? இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். இடப்பக்கம் தண்ணீர். அப்போது உங்கள் கிரிப்பைக் கவனியுங்கள். இடது கையின் கடைசி மூன்று விரல்தான் கிளப்பைப் பிடித்திருக்க வேண்டும். பயம் வந்தவுடன் வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் இறுகும். அது இறுகினால் முன்கை இறுகும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், கிளப் கிளம்பும் அசைவான டேக்அவே வெடுக்கென்று போகும். தாளம் கிளம்பும் இடத்திலேயே தப்பிவிட்டது. முதல் "த" தப்பினால் மீதி மூன்று எழுத்தும் உதவாது.

எனக்குப் பல காலம் கிளப் பையைச் சுமந்து வந்த உதவியாளர், கேடி அண்ணன் ஒருவர் உண்டு. ஸ்விங் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் பந்துக்கு மேல் நின்று யோசிக்க ஆரம்பித்தால் தொண்டையைச் செருமுவார். ஒரு நாள் கேட்டே விட்டேன், ஏன் அண்ணே அப்படி என்று. "நின்னுட்டீங்கன்னா நீங்க அடிக்க மாட்டீங்க சார், பயம்தான் அடிக்கும்" என்றார். அவர் சொன்னதில் ஆழமான விஷயம் இருக்கிறது. தாளம் கிளப் நகரும்போது தொடங்குவதில்லை. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, நடந்து வருவது, கால் வைப்பது, ஒரு முறை பார்ப்பது, கிளம்புவது எல்லாம் ஒரே ஓட்டம். கிளம்புவதற்கு முன் உடம்பு முழுக்க உறைந்துபோய் நின்றால், அந்த உறைந்த நிலையிலிருந்து தாளம் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் வேண்டாம் என்று விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது. எனக்கு அது தாராளம்.

முன்னால் ஆடும் குழு ஊர்ந்து போனால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: காத்திருக்கும்போது பந்தருகே போகாதீர்கள். தள்ளி நின்று வேறு ஏதாவது பேசுங்கள். உங்கள் முறை வந்ததும் எப்போதும் போல் பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்.

ஜனவரி 20

முக்கியமானது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மெட்ரோனோமையோ பாட்டையோ காதில் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்காதீர்கள். ஸ்விங் வேகத்துக்கு உதவியாக ஒலி கேட்பது விதி 4.3-இன்படி கூடாது. முதல் தடவை பொதுத் தண்டனை, அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் கணக்கில் இரண்டு அடி கூடும். இரண்டாவது தடவை போட்டியிலிருந்தே வெளியே. மனசுக்குள் தகதிமி சொல்வதை யாரும் தடுக்க முடியாது.

ஒலி என்றதும் நினைவு வருகிறது. யேல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் குரோபர், கிளப்பின் தண்டான ஷாஃப்டுக்குள் சென்சார் வைத்து கிளப்பின் வேகத்தை ஒலியாக மாற்றிக் காதில் கேட்கும்படி ஒரு கருவி செய்தார். கண்ணால் பிடிக்க முடியாததைக் காது பிடித்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. பாட்டு வாத்தியாரைக் கேட்டால் இதை உடனே ஒப்புக்கொள்வார்.

பிப்ரவரி 9

சிங்கப்பூரிலிருந்து எழுதிய அக்காவுக்கு. பந்தைச் சற்றே தூக்கிப் போடும் சிப்புக்கும், குழியை நோக்கி உருட்டும் புட்டுக்கும் தகதிமி பொருந்தாது, நீங்கள் சொன்னது சரி. அங்கே இரண்டுக்கு ஒன்று. அதனால் மூன்று அட்சரத் திஸ்ரம்: தகிட த. முதல் த-வில் கிளம்பி, ட-வில் பின்முனை, அடுத்த த-வில் பந்து. மெட்ரோனோமை மாற்ற வேண்டாம். அதே 200-இல் விட்டுவிடுங்கள், நடை மட்டும் மாறட்டும்.

புட்டில் இதனால் கிடைக்கும் பெரிய லாபம் தூரக் கட்டுப்பாடு. 5 அடி புட்டுக்கும் 30 அடி புட்டுக்கும் நேரம் ஒன்றே, புட்டர் போகும் நீளம் மட்டும் கூடுகிறது. நேரம் மாறாவிட்டால் நீளத்தை மட்டும் பழகினால் போதும். பலர் நீண்ட புட்டுக்கு அதே குட்டி ஸ்ட்ரோக்கை எடுத்துக் கடைசியில் ஒரு வெட்டு வெட்டுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காம் இடம் வந்தாரே, தூரம் அடிக்கிற பெண்களுக்கு நடுவில் அவரைக் கடைசி வரை பதக்கப் போட்டியில் நிறுத்தியது அந்தப் புட்டர்தான். அந்தச் சுற்றுகளைத் திரும்பப் பார்க்கக் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் புட்டர் போய் வருவதை மட்டும் பாருங்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்ட தம்பி வீடியோ எடுத்து எண்ணி அனுப்பியிருக்கிறார். 240-இல் பேக்ஸ்விங் 290, டவுன்ஸ்விங் 72. நாலுக்கு ஒன்று.

தம்பி, இந்த எண்களில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கீழே வர 72 என்றால் 0.3 விநாடி. 27/9 ஆட்டக்காரருக்கும் அதேதான். உங்கள் கீழ்வீச்சில் தொட வேண்டியது எதுவும் இல்லை. மேலே போவதுதான் 1.2 விநாடி, அதை 0.9-க்குக் கொண்டுவாருங்கள், 216 ஃபிரேம். "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே உங்களிடம் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை அதிகமாக ஏற்றிவிட்டார்கள். முதல் வாரம் கிளப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது போல் இருக்கும். இருக்கட்டும். கிளம்பும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோள் திரும்புவதில் வேகம் வரட்டும்.

மார்ச் 23

பயிற்சி முறை கேட்டவர்களுக்கு, எனக்கு உதவியவை மட்டும்.

டிரைவரைத் தலைகீழாகப் பிடியுங்கள், கிளப் தலைக்குப் பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து வீசுங்கள். விஷ்ஷ் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். வலது தோளுக்குப் பக்கத்தில் வந்தால் உச்சியிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டீர்கள். பந்து இருக்கும் இடத்திலும் அதற்கு இடப்பக்கமும் வர வேண்டும். இதற்கு வாத்தியார் தேவையில்லை, காது போதும். மொட்டை மாடியில் செய்யலாம், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காலையும் ஒட்டி வைத்து எட்டாம் நம்பர் அயர்னில் அடிப்பது இன்னொன்று. தாளம் தப்பினால் உடனே தடுமாறுவீர்கள். தடுமாறாமல் அடிக்க முடிகிற வேகம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், பந்தும் நாம் நினைப்பதை விட நன்றாகவே போகும்.

கனமான கிளப்பைச் சுழற்றுவது பற்றிக் கேட்டார்கள். உடம்பு சூடாக நல்லது. தாளத்துக்கு அதை நம்ப மாட்டேன், கனம் தன் வேகத்தில் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

மே 11

வெயில். காலை ஏழு மணிக்கே கையுறை நனைந்து கையோடு ஒட்டிக்கொள்கிறது. ஈரமானால் வழுக்கும், வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும், ஜனவரியில் எழுதிய கிரிப் கதை மறுபடி ஆரம்பம். மூன்று கையுறை எடுத்துப் போங்கள், நாலைந்து குழிக்கு ஒன்று மாற்றி, கழற்றியதைப் பைக்கு வெளியே காயப் போடுங்கள். கிளப் கிரிப்பையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். வியர்வையும் சன்ஸ்கிரீனும் ஏறிய ரப்பரை எந்தத் தாளமும் காப்பாற்றாது.

மே 12

தம்பி மறுபடி எண்ணி அனுப்பியிருக்கிறார்: 222, 71. ஸ்லைஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் நடுப் புல்பாதையான ஃபேர்வேயை விட்டு ஓடும் அளவு இல்லை என்கிறார். அருமை. இனி மிச்சம் இருப்பது கிளப் முகம், அதற்கு வேறு மருந்து. உங்கள் கிரிப்பை மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், இடது கையின் விரல் முட்டி எத்தனை தெரிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.